பிறந்த முடி

சீப்பு இடது காதுக்கு மேலே நின்றுவிட்டது. வாணி இழுத்துப் பார்த்தாள். ஆதிரை "ஆ" என்றாள். அழுகைக்கு முந்தைய ஆ இல்லை, சும்மா தெரிவிப்பதற்கான ஆ. வாணி சீப்பை எடுத்துவிட்டு, சிக்குக்கு மேலே முடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து மறுபடி தொடங்கினாள். இந்த முடிக்கு நுனியிலிருந்துதான் மேலே ஏற வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள அவளுக்கு நாலைந்து வருடம் ஆயிற்று. யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தரக்கூடியவர்களோடு பேச்சு இல்லை. பேச்சு இப்போதுதான் வந்திருக்கிறது, போன மாதம், அண்ணன் லோகநாதனின் போனில். பத்து வருடம் கழித்து எடுத்த எடுப்பில் "பாப்பா, நல்லா இருக்கறயா?" என்றான், முந்தாநாள் விட்ட இடத்திலிருந்து பேசுகிறவன் மாதிரி. இன்றைக்குக் காரில் வருகிறான். அவளையும் குழந்தையையும் ஊருக்கு அழைத்துப் போக. ஊரில் அம்மனுக்கு முன்னால் குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்துகிறார்கள். அப்பா வரச் சொல்லியிருக்கிறார், அப்பாவே சொல்லியிருக்கிறார், ஆனால் மொட்டைக்குத்தான் வரச் சொல்லியிருக்கிறார். மத்தியானத்துக்குள் மழித்துவிடப் போகிற முடி இது. அப்படியென்றால் எதற்குச் சிக்கெடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கே கேட்கத் தோன்றியது. கேள்வி தோன்றியதும் கை இன்னும் வேகமாக ஓடியது. எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, நடு உச்சியில் வைத்து அழுத்தினாள். அழுத்திய இடம் படிந்தது, கையை எடுத்ததும் மெதுவாக எழுந்தது, தூங்கி விழித்த பிள்ளை மாதிரி. "அம்மா, எண்ணெய் காதுக்குள்ள போகுது." "போகாது." "போகுது, எனக்குத்தான தெரியும்." குழந்தைக்கு மொட்டை விஷயம் தெரியாது. மாமா ஊருக்குப் போகிறோம், கோயில் இருக்கிறது, மாடு இருக்கிறது, கிணறு இருக்கிறது என்றுதான் சொல்லியிருந்தாள். மாடு என்றதும் மற்றதை யார் கேட்டார்கள்.

உள்ளறையில் ரத்தினம் தூங்கிக்கொண்டிருந்தான். மோட்டார் கம்பெனியில் இரவு ஷிப்டு முடித்து விடியலில் வந்து படுத்தவன். அரைக்கதவின் வழியே அவன் தலை தெரிந்தது. வழுக்கை, மின்விசிறி சுற்றச் சுற்ற வெளிச்சம் அதன்மேல் வந்து வந்து போனது. முந்தாநாள் அவனிடம் கேட்டாள், கடைசியாக ஒருமுறை, மொட்டைக்குச் சரியென்று சொல்லிவிடட்டுமா என்று. "உனக்கு எப்படித் தோணுதோ செய், வாணி. முடிதான, வளர்ந்துரும்" என்றான். பிறகு தன் மண்டையைத் தடவிக்கொண்டு, "எல்லாருக்கும் வளரும்னு சொல்ல முடியாது" என்றான். அவள் சிரித்தாள். சிரித்ததால் பேச்சு முடிந்துபோயிற்று. சிரித்திருக்கக் கூடாது. அவன் அப்படித்தான் எதையும் சிரிக்க வைத்து முடித்துவிடுகிறான், அதனாலேயே அவனுக்கு வலித்ததா இல்லையா என்று தெரியாமல் போய்விடுகிறது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் அவனுக்குப் பின் வரிசையில்தான் அவள் உட்கார்ந்தாள். அவன் பென்சிலைத் தலையில் செருகி வைப்பான், காதில் இல்லை, தலைக்குள். சுருட்டைக்குள் போன பென்சில் அப்படியே நிற்கும். அவன் திரும்பினாலும் குனிந்தாலும் ஓடிப்போய்ப் பஸ் பிடித்தாலும் விழாது. விழுகிறதா விழுகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் அவள் அவனைப் பார்க்க ஆரம்பித்தாள். இப்போது அந்தத் தலை இல்லை. அது இடம் மாறி இங்கே, முக்காலிமேல் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருக்கிறது. அவனிடமிருந்து போனதெல்லாம் இவளிடம் வந்து சேர்ந்த மாதிரி. இதை எடுத்துவிட்டால் அது எங்கேயுமே இல்லை. ஒரு கல்யாணப் போட்டோவில் இருக்கிறது, ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் எடுத்தது, அதிலும் வெயில் விழுந்து பாதித் தலை வெள்ளையாக இருக்கும்.

அப்பா சொன்னதாக அண்ணன் சொன்ன வாக்கியம் சீப்பைப் போலவே அவளுக்குள் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. "பொறந்த முடிய எடுக்காம எட்டு வயசு வரைக்கும் வெச்சிருந்தா குத்தமாயிரும். அவனுக்குத்தான் சாமியே இல்லையே, நம்ம சாமிக்கே எடுத்தர்லாம்." அதில் எந்த இடம் வலிக்கிறது என்று அவளால் விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை. குழந்தைக்குத் தகப்பன் வழிச் சாமிதான் குலசாமி. அந்தச் சாமிக்குத்தான் பிறந்த முடி. அது அவளுக்கும் தெரியும், அப்பாவுக்கு அவளைவிட நன்றாகத் தெரியும். முறைகளில் ஒரு நூல் பிசகாத அப்பா பேத்திக்காக முறையை மாற்றுகிறார். இது அன்பா, இல்லை ரத்தினத்தை வழித்து எறிவதா? இரண்டும் ஒரே கத்தியில் வருகிறதே. ரத்தினத்தின் வீட்டைத் தெருவில் பர்மாக்காரர் வீடு என்றுதான் சொல்வார்கள். கப்பலில் திரும்பி வந்தவர்கள். எங்கிருந்து முதலில் போனார்கள் என்பதை வந்தவர்கள் சொல்லாமலே செத்துப்போனார்கள். "எங்க சாமிக்குக் கப்பல்ல டிக்கெட் கிடைக்கல" என்று ரத்தினம் சொல்வான். மறுபடியும் சிரிப்பு. ஆதிரைக்கு ஒரு வயது ஆனபோது அவள் கேட்டாள், எங்கேயாவது ஒரு கோயிலில் எடுத்துவிடலாமா, பழனியில், மருதமலையில். அவன் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "தெரியாத சாமிக்கு எதுக்கு, தெரியும்போது குடுத்துக்கலாம்" என்றான். அப்போது அவன் சிரிக்கவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. சிரிக்கவில்லைதானே? இல்லை, இப்போது அவளாகச் சேர்த்துக்கொள்கிறாளா?

போன் அதிர்ந்தது. அண்ணன். "பல்லடம் தாண்டிட்டன் பாப்பா. ரெடியாயிருங்கொ. அம்மா நாலு தடவ கூப்புட்டாச்சு, கொழந்த சாப்புட்டுச்சான்னு." பின்னால் லாரி ஹாரன். அம்மா கேட்டாளாம். அம்மா அவளோடு நேராக இன்னும் பேசவில்லை. அண்ணன் வழியாகத்தான் கேட்கிறாள், குழந்தைக்கு என்ன பிடிக்கும், அளவு என்ன, பாவாடை எடுத்துவிட்டோம், காதுக்குத் தோடு எடுத்துவிட்டோம். கலர் மட்டும் கேட்டாள், குழந்தையின் கலர். கேட்டதாக அண்ணன் சொல்லிவிட்டு உடனே பாவாடைக்குத்தான், பாவாடைக்குப் பொருத்தமாக என்றான். முடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. போன மாதம் போட்டோ அனுப்பச் சொன்னபோது அவள் அனுப்பிய போட்டோவில் ஆதிரை குல்லாய் போட்டிருந்தாள். ஊட்டியில் எடுத்தது. குளிர் இல்லாத மாதம் அது. மற்ற போட்டோக்களையெல்லாம் தள்ளித் தள்ளிக் குல்லாய் போட்டோவுக்கு வந்து அவள் நின்றதை அவளே பார்த்தாள். அப்போது காரணம் எதுவும் தோன்றவில்லை. இப்போதும் இந்த எண்ணெய், இந்த அழுத்தல், இந்த இறுக்கமான பின்னல், அந்தக் குல்லாய்தான் இதுவும். மழிப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் அம்மா பார்ப்பாள், அந்த ஒரு மணி நேரத்துக்கு. யாருக்கு வெட்கப்படுகிறோம், யாரை மறைக்கிறோம், ரத்தினத்தையா, அவனைத் தேர்ந்தெடுத்த தன்னையா? பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர், நல்ல டீச்சர்தான், "கொஞ்சம் அடக்கிப் பின்னி அனுப்புங்க, பின்னாடி உக்கார்ற பிள்ளைக்குப் போர்டு தெரியலயாம்" என்றார். மேல் மாடி வீட்டு அக்கா, "சுருட்டை இருந்தா பிடிவாதம் இருக்கும், பார்த்து வளங்க" என்றாள், கொத்துமல்லி வாங்க வந்த இடத்தில். அதே அக்கா வீட்டுக் காலண்டரில் வெண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிற குட்டிக் கிருஷ்ணனுக்கு நெற்றியெல்லாம் சுருட்டை. அதற்கு அக்கா பூ வைக்கிறாள்.

"அம்மா, கூட்டிட்டுப் போற மாமாவுக்கு என்ன முடி?" என்றாள் ஆதிரை. "சாதா முடி." "அப்ப எனக்கு?" "உனக்கு அப்பா முடி." "அப்பாவுக்கு முடியே இல்லயே." "முன்னாடி இருந்துச்சு." "எனக்குக் குடுத்துட்டாரா?" வாணி சீப்பில் சுற்றிய முடியை உருவி எடுத்தாள். "கிளாஸ்ல ஹரிணி என்னை நூடுல்ஸுன்னு கூப்பிடறா. நான் சொன்னேன், நூடுல்ஸ்னா எல்லாருக்கும் பிடிக்கும், உன்னோடது சேமியான்னு." "அப்படியெல்லாம் சொல்லக் கூடாது." "அவ மட்டும் சொல்லலாமா?" சீப்பு இறங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் ஏறிய முடியில் அலை அலையாக வரி விழுந்திருந்தது, ஜன்னல் வெளிச்சம் பட்டு ஒரு வரி கறுப்பு, ஒரு வரி வெள்ளை. ஆற்று மணலில் தண்ணீர் வடிந்த பிறகு கிடக்கும் வரி. ஒன்பதாம் வகுப்பில் தமிழ் ஐயா கூந்தலுக்கு அதைத்தான் உவமை என்று நடத்தினார். பழைய பாட்டில் வரும் பெண்களுக்கெல்லாம் அப்படித்தான் இருக்குமாம், அதுதான் அழகாம். வகுப்பில் இருந்த எல்லாப் பெண்களும் திரும்பி ஒருவர் தலையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாம் விளக்கெண்ணெய் வைத்து வழித்துப் பின்னிய தலைகள். ஒரு வரிகூட இல்லை. கடைசி பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அப்போது அவளும் தன் பின்னலைத் தொட்டுப் பார்த்தாள், நேராக இருந்தது, நிம்மதியாக இருந்தது. ஏன் நிம்மதி? யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்தவள் மாதிரி எதற்கு அந்த நிம்மதி? அன்றைக்குக் கேட்டுக்கொள்ளாத கேள்வி, எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருக்கும்போது வந்து நிற்கிறது.

அவளுடைய காதுக்குப் பின்னால், கழுத்தோரம், ஒரு கொத்து முடி வியர்த்தால் சுருளும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே. உப்புத் தண்ணீர் என்று நினைத்தாள், பிறகு ஷாம்பு என்று நினைத்தாள், ஆதிரை பிறந்த பிறகு பிரசவத்துக்கு அப்புறம் அப்படித்தான் ஆகும் என்று யாரோ சொன்னதை நம்பினாள். அதைக் கொண்டைக்குள் செருகிவிடுவது காலையில் பல் விளக்குவது மாதிரி ஒரு வேலை. இப்போது இரண்டு கையும் எண்ணெயாக இருக்க, அது கழுத்தில் அரித்தது, தோளை உயர்த்தித் தேய்த்துக்கொண்டாள். ஊர் வீட்டு ஆல்பத்தில் அவள் சின்ன வயதுப் போட்டோ எல்லாமே மொட்டைதான். ஒரு வயதில் சந்தனம் பூசிய மொட்டை, அது எல்லாருக்கும் உள்ளது. நாலு வயதில் ஒரு மொட்டை, அம்மை போட்டதற்கு வேண்டுதல் என்பார்கள். ஏழு வயதில் ஒன்று, கிணற்றில் தண்ணீர் வந்ததற்கு. அதற்குப் பிறகு ஒரேயடியாக ஐந்தாம் வகுப்பு குரூப் போட்டோ, ரெட்டை ஜடை, வழவழவென்று. மொட்டைக்கும் மொட்டைக்கும் நடுவில் முடி வளர்ந்த ஒரு போட்டோகூட இல்லை. கிணற்றில் தண்ணீர் வந்ததற்கு மகளுக்கு எதற்கு மொட்டை, அப்பா அல்லவா போட்டிருக்க வேண்டும்? அப்பாவின் தலையில் ஒரு முடி குறையவில்லையே, அதே ஆல்பத்தில் கிணற்று மேட்டில் தலை நிறைய முடியோடு நிற்கிறாரே. இது என்ன யோசனை, எங்கே போகிறது இது. ஏழு வயது மொட்டையில் அவளுக்கு நினைவிருப்பது சந்தனத்தின் குளிர்ச்சி மட்டும்தான், தலையைச் சுற்றி நேராக வந்து தொட்ட காற்று. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பது இல்லை. கத்தி இல்லை, மடி இல்லை, தண்ணீர் தெளித்தது இல்லை. அழுதோமா? அந்த இடம் மழித்த மாதிரி சுத்தமாக இருந்தது.

ஒரு பக்கம் பின்னி முடித்து ரிப்பனை மடித்துக் கட்டினாள். மறுபக்கம் அப்படியே விரிந்து கிடந்தது, பின்னிய பக்கத்தைவிட மூன்று மடங்கு இருக்கும். கண்ணாடியில் பார்த்த ஆதிரை, "இந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் ஹரிணி" என்று சொல்லித் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். இப்போது சொல்லிவிடலாம் என்று வாணிக்குத் தோன்றியது. கண்ணு, அங்கே போனதும் உனக்கு மொட்டை போடுவார்கள், வலிக்காது, மாமா மடியில் உட்கார்ந்துகொள்வாய், தாத்தா தங்கத் தோடு போடுவார். வாக்கியம் வாய்வரை வந்தது. வந்து, மாமா மடியில் என்ற இடத்தில் நின்றது. அவளுக்கு அது வேண்டும். அதுதான் உண்மை. தன் குழந்தை தன் அண்ணன் மடியில் உட்கார வேண்டும், அம்மா குலவை போட வேண்டும், அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதையாவது அதட்டிக்கொண்டிருக்க வேண்டும், ஆள் அனுப்பிப் பால் வாங்கிவரச் சொல்ல வேண்டும். பத்து வருடமாக அது வேண்டும். அதற்கு ஒரு தலை முடி, வளர்ந்துவிடுகிற முடி, இதற்குப் போய் இத்தனை குழப்பமா? வளர்ந்துவிடும். ஆனால் நேராக வளர்ந்துவிட்டால்? அப்படித்தானே ஊரில் சொல்கிறார்கள், மொட்டை போட்டால் நல்ல முடியாக வரும் என்று. நல்ல முடி என்றால் என்ன முடி. "ஆதி" என்றாள். "என்ன?" "ஒண்ணுமில்ல, தலையை ஆட்டாத."

கீழே ஹாரன் கேட்டது. வழியில் சூலூரில் நின்று ஒரு போன் பண்ணுவான் என்று நினைத்திருந்தாள். ஒரு பக்கம் இன்னும் பின்னவில்லையே என்றுதான் முதலில் பதறினாள், பத்து வருடம் கழித்து அண்ணன் வருகிறான் என்பது அதற்குப் பிறகுதான் வந்தது. படியில் செருப்புச் சத்தம். கதவு திறந்தே இருந்தது. லோகநாதன் வாசலில் நின்றான். ஒரு கையில் செவ்வாழைச் சீப்பு, இன்னொரு கையில் வாழையிலையில் சுற்றிய மல்லிகை. தொப்பை போட்டிருந்தான், மீசையில் நரை. "பாப்பா" என்றவன் அவளைப் பார்த்து முடிப்பதற்குள் குழந்தையைப் பார்த்துவிட்டான். பார்த்தபடி நின்றான். வாணி எண்ணெய்க் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விரிந்த பக்கத்து முடியை அள்ளிப் பிடித்தாள். மறைப்பது மாதிரி இருந்திருக்க வேண்டும். "விடு, விடு" என்றான் அவன். "அட, இது நீயேதான் பாப்பா. அச்சு அசல். அந்தப் பக்கம் தூக்கிட்டு நிக்கறது மொதக்கொண்டு." அவன் யாரைச் சொல்கிறான் என்று ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. தனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்களோ என்று திரும்பக்கூடத் தோன்றியது. "நானா?" என்றாள். "பின்ன? உனக்கே நெனப்பில்லயா? புதராட்டம் இருக்குமே. உன்னய அம்மா வெளிய எங்கியும் கூட்டிட்டே போகாது, பொட்டப்புள்ளைக்கு இப்படி இருந்தா எவன் கட்டுவான்னு. மூணு தடவ வழிச்சு எடுத்துத்தான அடங்குச்சு."

"என்ன வழிச்சு?" என்றாள் ஆதிரை. உள்ளறையில் மின்விசிறி டக் டக்கென்றது. "எதை வழிச்சு, மாமா?" லோகநாதன் வாணியைப் பார்த்தான். "நீ சொல்லலயா அம்மிணிகிட்ட?" குழந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. அந்த எட்டு வயது முகத்தில் கணக்கு ஒன்று ஓடி முடிவது தெரிந்தது. கோயில், மாமா, வழிப்பது. ஒரு கை தானாக எழுந்து பின்னாத பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. "எனக்கு மொட்டையா?" என்றாள், அம்மாவிடம். பிறகு, கோபமாகக்கூட இல்லாமல், ஒன்றும் புரியாதவளாக, "அப்புறம் எதுக்கும்மா சிக்கெடுத்த?" என்றாள். வாணியிடம் பதில் இருந்தது போலத்தான் இருந்தது, ஒன்றல்ல, நிறைய இருந்தன, காலையிலிருந்து எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தன, ஆனால் ஒன்றையும் இந்தக் குழந்தையிடம் சொல்ல முடியாது. என் அம்மா உன்னை இப்படிப் பார்க்கக் கூடாது என்றா? உன் அப்பாவின் முடியை மறைக்கிறேன் என்றா? அப்பாவின் முடி. அது அப்பாவின் முடியே இல்லையாம். இல்லை, அப்பாவின் முடியும்தான். யாருடையதோ. தன்னிடமிருந்து எடுக்கப்பட்டது, அவனிடமிருந்து உதிர்ந்தது, எது எது இந்தத் தலையில் வந்து முளைத்திருக்கிறது என்று எந்த நுனியிலிருந்து சிக்கெடுத்தால் தெரியும்? அப்படியென்றால் வகுப்பில் திரும்பிப் பார்த்த அத்தனை தலைகளில் எத்தனை தலை இப்படி அடக்கியது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பென்சிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எதற்காக.

லோகநாதன் வாழைப்பழத்தைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான். "அழுவியா அம்மிணி?" என்றான் குழந்தையிடம். "அழ மாட்டேன். கடிப்பேன்." அவன் சத்தமாகச் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. வலது கையைத் திருப்பிக் கட்டை விரலின் அடியைக் காட்டினான். பிறை மாதிரி ஒரு வெள்ளைத் தழும்பு. "சைக்கிள் செயின்ல மாட்டுன காயம்தான?" என்றாள் வாணி. எத்தனையோ தடவை பார்த்த தழும்பு. "செயினா? அது அப்பா ஊருக்குச் சொன்னது. உன்ற பல்லு பாப்பா. மூணாவது மொட்டைக்கு. மாமன் மடியில உக்கார மாட்டேன்னுட்டு ஓடுன, என்னயப் புடிச்சுக்கச் சொன்னாங்க. எனக்குப் பதிமூணு வயசு. புடிச்சன்." தழும்பைத் தடவிக்கொண்டே சொன்னான். "விடச் சொல்லி யாரும் சொல்லல."

"அண்ணா, நாங்க வர்றோம்" என்றாள் வாணி. குரல் தன்னுடையது மாதிரி இல்லை. "ஆனா முடி எடுக்கல." அவன் நிமிர்ந்து பார்த்தான். "பந்தல் போட்டாச்சு பாப்பா. சனமெல்லாம் வந்திருக்கு. அப்பாகிட்ட ஆரு சொல்றது?" அவள் தெரியாது என்று தலையசைத்தாள். உண்மையில் தெரியவில்லை. எடுக்கவில்லை என்றால் வரச் சொல்வாரா, வந்தாலும் வாசல்படி ஏற விடுவாரா, அம்மா ஏறிட்டுப் பார்ப்பாளா, இதையெல்லாம் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது. ஒருவேளை தவறாக இருக்கலாம். லோகநாதன் மல்லிகைப் பொட்டலத்தைக் கட்டிலில் வைத்தான். பிறகு தொடையைத் தட்டினான். "வா அம்மிணி. மாமன் மடிதான, கத்தி இல்ல. அம்மா அந்தப் பக்கத்தையும் பின்னி முடிக்கட்டும்." ஆதிரை அவன் கையைத்தான் முதலில் பார்த்தாள், தழும்பை. அதை ஒரு விரலால் தொட்டாள். "வலிச்சுதா?" "வலிச்சுது." அதில் அவளுக்கு ஏதோ திருப்தி. போய் அவன் மடியில் உட்கார்ந்தாள். அவன் இரண்டு கையையும் பக்கவாட்டில் கட்டிலின்மேல் ஊன்றிக்கொண்டான், பிடித்துக்கொள்ளவில்லை என்று காட்டுகிறவன் மாதிரி.

வாணி அவர்களுக்குப் பின்னால் போய் நின்று சீப்பை எடுத்தாள். அம்மா குலவை போடவில்லை, பால் வாங்க யாரும் போகவில்லை. நுனியிலிருந்து தொடங்கி மேலே வந்தாள். காதுக்கு மேலே வந்ததும் சீப்பு நின்றது. அந்த நேரம் அண்ணனின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவன் எடுத்துப் பார்த்தான், அடிக்க அடிக்கக் கையிலேயே வைத்திருந்தான், பிறகு தோளுக்கு மேலே நீட்டினான், திரும்பாமல். அப்பா என்று போட்டிருந்தது. அவள் சீப்பை விட்டுவிட்டுப் போனை வாங்கினாள். எண்ணெய் விரலுக்குத் திரை இரண்டு தடவை வழுக்கியது, மூன்றாம் தடவை எடுத்தது. மறுமுனையில் மைக் செட் பாட்டு, யாரோ தண்ணீர்க் குடத்தை நகர்த்தும் சத்தம், அதற்கெல்லாம் முன்னால் ஒரு மூச்சு, அவளுக்குத் தெரிந்த மூச்சு. "லோகு, எங்க வந்துட்டிருக்கீங்க?" என்றது. ஆதிரை என்னவென்று பார்க்கத் தலையை முழுவதுமாகத் திருப்பினாள். விட்ட இடத்தில் சீப்பு நின்றது, விழவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே, "அப்பா" என்றாள் வாணி.